கறுவாவின் காரத்தைக் கத்தரிக்குள் கொண்டுவர முடியுமா?

கேள்வி: கறுவா, வேம்பு, தேயிலை எல்லாம் பூச்சியிலிருந்தும் பங்கசிலிருந்தும் தங்களைக் காக்கத் தாங்களே சேர்மங்களைச் செய்துகொள்கின்றன. அந்த மரபணுவை எடுத்துக் கத்தரியில் வைத்துவிட்டால் மருந்து அடிக்கவே தேவையில்லையே, ஏன் யாரும் செய்யவில்லை? கொழும்பில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இதில் எவ்வளவு தூரம் போகலாம்?

‘அந்த மரபணு’ என்று ஒருமையில் கேட்கிறீர்கள், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பங்களாதேஷ் 2013இல் அனுமதித்த பீ.டி. கத்தரியில் உள்ளே போனது ஒரு பற்றீரியப் புரதத்துக்கான மரபணு. தண்டையும் காயையும் துளைக்கும் புழு அதைத் தின்றால் சாகும். புரதம் என்றால் ஒரு மரபணுவோடு வேலை முடிந்துவிடும். கறுவாவின் சின்னமல்டிஹைட்டும் தேயிலையின் காஃபீனும் வேம்பின் அசாடிரக்டினும் புரதங்கள் அல்ல. செடியில் ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு எளிய பொருளை எடுத்து, படிப்படியாக மாற்றிச் செய்யப்படும் சிறிய மூலக்கூறுகள் அவை. படிக்கு ஒரு நொதியம், நொதியத்துக்கு ஒரு மரபணு. காஃபீனுக்கு மூன்று போதும். வேம்பில் உள்ளவை போன்ற சேர்மங்களுக்கு அந்தப் பட்டியல் நீளம். அசாடிரக்டினை விட மிக எளிமையான அசாடிரோன் வரைக்குமான படிகளை இன்னொரு செடிக்குள் செய்து காட்டியதே 2023இல்தான்.

கறுவாவையே எடுப்போம். பீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் சின்னமிக் அமிலமாகி, பிறகு சின்னமோயில்-கோஏ ஆகி, கடைசியில் அல்டிஹைட்டாகிறது. மூன்றே படி. அந்த வகை நொதியங்கள் கத்தரியிலும் உண்டு, தண்டைக் கெட்டியாக்கும் லிக்னினுக்காக. அப்படியென்றால் கத்தரி ஏன் கறுவாவாக மணப்பதில்லை? சின்னமிக் அமிலம் உருவான கையோடு வேறொரு நொதியம் அதில் ஐதரொக்சில் கூட்டத்தைச் சேர்த்து லிக்னின் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கொஞ்சம் தப்பி அல்டிஹைட் ஆனாலும் லிக்னின் பாதையிலேயே இருக்கும் இன்னொரு நொதியம் அதை அற்ககோலாக மாற்றிவிடும். அதற்கும் தப்பினால் அது கலத்தின் புரதங்களோடு போய் ஒட்டிக்கொள்ளும். பங்கசைக் கொல்வதற்கும் அந்தக் குணம்தான் காரணம், சொந்தக் கலத்தைக் கெடுப்பதற்கும் அதுவேதான். கறுவா மரம் அந்த எண்ணெயைப் பட்டைக்குள் தனி எண்ணெய்க் கலங்களில் அடைத்து வைத்திருக்கிறது. கத்தரியில் அந்தக் கலங்கள் இல்லை.

ஆக, நஞ்சைக் கடன் வாங்கும்போது அதை வைக்கும் பாத்திரத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். இந்தத் துறையில் வென்றது எது, தோற்றது எது என்று பார்த்தால் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில் வந்து நிற்கும்.

இதை மிகத் தெளிவாகக் காட்டியது இறுங்கில் இருக்கும் துரின். இளம் இறுங்கை மாடு மேய்ந்தால் நஞ்சேறுவது இந்தச் சேர்மத்தால்தான். மென்றால் சயனைட்டு வெளிவரும். டைரோசினிலிருந்து துரினுக்கு மூன்று நொதியங்கள். முதல் இரண்டும் ஒட்சிசனைச் சேர்க்கும் பீ450 வகை, மூன்றாவது ஒரு குளுக்கோசை ஒட்டும் நொதியம். 2001இல் டென்மார்க் குழு இந்த மூன்றையும் அரபிடொப்சிஸ் என்ற ஆய்வுகூடச் செடிக்குள் வைத்தது. செடி துரினைச் செய்தது, அதைத் தின்ன வந்த தெள்ளு வண்டு பின்வாங்கியது, செடியின் வளர்ச்சியில் சொல்லும்படியான குறை இல்லை. ஆனால் மூன்றாவதை விட்டுவிட்டு முதல் இரண்டை மட்டும் வைத்த செடிகள் குட்டையாகிக் குன்றிப்போயின. இடைநிலைச் சேர்மம் நிலையற்றது. உடைந்து சயனைட்டையும் அல்டிஹைட்டையும் கக்கும். குளுக்கோசு ஒட்டியதும் அது நீரில் கரைந்து, கலத்தின் சேமிப்புப் பையான புன்வெற்றிடத்துக்குள் சாதுவாகப் போய் உட்கார்ந்துவிடும். குளுக்கோசைக் கழற்றும் நொதியம் வேறிடத்தில் இருக்கிறது. பூச்சி கடித்துக் கலம் கிழியும்போதுதான் இரண்டும் சந்திக்கும். செடி தன் நஞ்சால் தானே சாகாமலிருப்பது இந்தப் பிரிவினையால்தான்.

மரவள்ளியில் இதன் மறுபக்கம் தெரியும். இஞ்சியோடு சேர்த்துச் சாப்பிடாதே என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அந்தப் பயத்துக்குப் பின்னால் இருப்பது லினமரின் என்ற சயனைட்டுச் சேர்மம். (இஞ்சி பாவம். கிழங்கைச் சரியாக ஊறவைத்து, மூடாமல் அவித்து, நீரை வடித்தார்களா என்பதுதான் கேள்வி.) 2003இல் வெளியான ஆய்வில் இலையில் லினமரின் உற்பத்தியைத் தடுத்தபோது கிழங்கில் அது 99 சதவீதம் குறைந்தது, இலையில் செய்து கிழங்குக்கு அனுப்புகிறது என்று அப்போது தெளிவானது. ஆனால் அந்தச் செடிகள் ஆய்வுகூட ஊடகத்தில் அமோனியா கொடுக்காமல் வளரவில்லை. லினமரின் காவல்காரன் மட்டுமல்ல, நைதரசன் சேமிப்பும்கூட. பாதுகாப்புச் சேர்மம் ஒன்றைக் கூட்டினாலும் குறைத்தாலும் செடியின் வேறேதோ கணக்கு இப்படி இடிக்கும்.

அடுத்த தடை மூலப்பொருள். திராட்சையின் ரெஸ்வெரட்ரோலுக்கு ஒரே ஒரு நொதியம் போதும், ஸ்டில்பீன் சின்தேஸ். ஒரு குமரோயில்-கோஏயும் மூன்று மலோனைல்-கோஏயும் சேர்ந்தால் ரெஸ்வெரட்ரோல். இரண்டும் எல்லாப் பச்சைச் செடியிலும் உண்டு. 1993இல் திராட்சை மரபணுவைப் புகையிலையில் வைத்தபோது சாம்பல் பூஞ்சணம் என்ற பொட்ரைட்டிஸ் நோய்க்கு எதிர்ப்பு கூடியது. ஒரு மரபணுவோடு முடிகிற அபூர்வமான விஷயம் என்பதால் பலரும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். மரபணு எங்கே, எப்போது இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் டி.என்.ஏ. துண்டுக்கு ப்ரோமோட்டர் என்று பெயர். பிறகு அதே மரபணுவை எங்கும் எப்போதும் இயங்கும் 35எஸ் ப்ரோமோட்டரின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். பூவின் நிறம் மாறியது, மகரந்தம் மலடாகிவிட்டது. சால்கோன் சின்தேஸ் என்ற நொதியமும் இதே இரண்டு பொருளைத்தான் கேட்கிறது. பூ நிறமும் மகரந்தத்துக்குத் தேவையான பிளேவனோல்களும் அதிலிருந்து வருகின்றன. புதிதாக வந்தவன் பங்கை எடுத்துக்கொண்டான். 1993 ஆய்வில் மரபணு திராட்சையின் சொந்த ப்ரோமோட்டரோடு போனது. அது நோய் தொற்றும்போதுதான் முழு வேகத்தில் விழிக்கும். எந்த மரபணு என்று முடிவெடுக்கச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது எந்த ப்ரோமோட்டர் என்பதற்குச் செலவிடுங்கள். வெறும் கடி அல்லது தொற்றில் விழிப்பது, பழத்தில் மட்டும் விழிப்பது, வேரில் மட்டும் விழிப்பது என்று எல்லாம் கிடைக்கின்றன. 35எஸ் முதல் பரிசோதனைக்கு நல்லது, பயிருக்கு அரிதாகவே நல்லது.

நொதியங்களை ஒவ்வொன்றாக வைக்காமல், செடியில் தூங்கிக்கொண்டிருக்கும் பாதையை எழுப்பும் ஆளி மரபணுக்களை வைப்பது இன்னொரு வழி. ஊதாத் தக்காளி அப்படி வந்தது. இங்கிலாந்தின் ஜோன் இன்னஸ் மையத்தில் கேத்தி மார்ட்டின் குழு, ஸ்நாப்டிராகன் பூவிலிருந்து டெல், ராஸ்1 என்ற இரண்டு ஆளிகளை எடுத்து, பழுக்கும்போது மட்டும் விழிக்கும் ஈ8 ப்ரோமோட்டரின் கீழ் வைத்தது. 2008இல் வெளியான முடிவின்படி ஒரு கிராம் பழத்தில் ஏறக்குறைய 3 மி.கி. அந்தோசயனின் என்ற ஊதா நிறமி, தோலில் மட்டுமல்ல, சதையிலும். 2013இல் அந்தப் பழம் மெதுவாக அழுகுவதையும் பொட்ரைட்டிஸைத் தாங்குவதையும் காட்டினார்கள். 2024இல் அமெரிக்காவில் வீட்டுத்தோட்டக்காரர்களுக்கு விதை விற்பனைக்கு வந்தது. இரண்டு ஆளிகள் போதுமாக இருந்ததற்குக் காரணம், தக்காளியிடம் அந்தோசயனினுக்கான எல்லா நொதியமும் ஏற்கெனவே இருந்ததுதான். இல்லாத பாதையை ஆளி எழுப்பாது. தக்காளியில் எத்தனை ஆளி வைத்தாலும் காஃபீன் வராது.

காஃபீன் என்றதும் ஞாபகம் வருகிறது. கோப்பியின் மூன்று மெதைல் மாற்று நொதியங்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் புகையிலையில் வைத்து 2005இல் வெளியிட்டார்கள். ஒரு கிராம் பச்சை இலையில் 5 மைக்ரோகிராம் வரை காஃபீன் வந்தது. தேயிலையில் இருப்பதோடு ஒப்பிட்டால் இது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆனாலும் வெட்டுப்புழு அந்த இலையைத் தவிர்த்தது. அதே குழுவின் பிந்திய ஆய்வில், காஃபீன் உள்ள செடியில் அதன் சொந்த எதிர்ப்பு மரபணுக்களும் விழித்திருப்பது தெரிந்தது. அளவு குறைவென்று தூக்கிப்போடாமல் உயிரினத்தின் மீது சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று. அதே சமயம், கோப்பிப் பழத்தைத் துளைக்கும் வண்டின் குடலில் உள்ள பற்றீரியா காஃபீனைச் சிதைத்துவிடுகிறது. பூச்சியும் சும்மா இருக்காது.

வயலில் தோற்றதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் நிலையம் கோதுமையில் ஈ-பீட்டா-பார்னசீன் என்ற வாசனையை வரவைத்தது. அசுவினி ஆபத்தில் இருக்கும்போது விடும் அபாயச் செய்தி அது. புதினா போன்ற சில செடிகளும் அதைச் செய்கின்றன. ஆய்வுகூடத்தில் அசுவினிகள் ஓடின, அவற்றைத் தின்னும் குளவிகள் வந்தன. 2012இல் வயலுக்குப் போய், 2015இல் வந்த முடிவு: அசுவினி குறையவில்லை. அசுவினி அந்த வாசனையை ஆபத்தின்போது ஒரே வீச்சில் விடும், கோதுமையோ ஓயாமல் விட்டது. இருபத்து நான்கு மணி நேரமும் ஒலிக்கும் சைரனை யார் கேட்பார்கள்?

இதற்கு மாறாக, வேர்ப்புழுவைத் தின்னும் நெமற்றோடுகளைக் கூப்பிடும் காரியோபிலீன் வாசனையை இழந்துவிட்ட சோளத்துக்கு ஒரிகானோ மரபணுவால் அதைத் திருப்பிக் கொடுத்தபோது வயலில் வேர்ச் சேதம் குறைந்தது (2009). ஆனால் ஓயாத வாசனைக்கு முளைப்பிலும் விளைச்சலிலும் விலை கொடுக்க வேண்டியிருந்தது என்று 2013இல் அதே வகைச் சோளத்தில் கண்டார்கள்.

இனிக் கொழும்பில் என்ன செய்யலாம் என்பது. பயிரிலேயே தொடங்காதீர்கள். நிக்கோட்டியானா பெந்தாமியானா என்ற சிறு புகையிலை இனத்தில் தற்காலிகமாகச் செய்து பாருங்கள். ஒரு பாதை வேலை செய்கிறதா என்று ஒரு கிழமையில் தெரிந்துவிடும். மேயப்பிள் செடியின் புற்றுநோய் மருந்துப் பாதையில் விடுபட்டிருந்த ஆறு நொதியங்களை 2015இல் கண்டுபிடித்தது இந்த முறையில்தான். இலையைக் காயப்படுத்தி, அப்போது விழிக்கும் மரபணுக்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகப் பெந்தாமியானாவில் ஏற்றிப் பார்த்தார்கள். பீ450 நொதியங்களுக்கு அகமுதலுருச் சிறுவலை என்ற கலத்தின் உள்மென்சவ்வும் துணை நொதியமும் தேவை. அவை இலையில் தயாராக இருப்பதால் ஈ.கோலை பற்றீரியாவோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

ஒவ்வொரு மரபணுவையும் பீஈஏக்யூ போன்ற ஒரு வெக்டரில், அதாவது மரபணுவைச் சுமக்கும் டி.என்.ஏ. வளையத்தில் வைத்து, செடிக்குள் டி.என்.ஏ.வைச் செலுத்தும் பற்றீரியாவான அக்ரோபக்டீரியத்தின் ஜீவி3101 இனத்தில் ஏற்றுங்கள். பீஈஏக்யூவில் பீ19 என்ற அடக்கு-தடுப்பு மரபணுவும் கூடவே வருகிறது. வேறு வெக்டரென்றால் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் நாளுக்குப் பிறகு இலை உங்கள் மரபணுவை வாயடைத்துவிடும். கனாமைசினும் ரிஃபாம்பிசினும் லீற்றருக்கு 50 மி.கி. வீதம் சேர்த்த எல்.பீ. ஊடகத்தில் 28 பாகையில் வளர்த்து, மையநீக்கி மூலம் இறக்கி, 10 மில்லிமோலர் எம்.ஈ.எஸ்., 10 மில்லிமோலர் மக்னீசியம் குளோரைட்டு, 150 மைக்ரோமோலர் அசிட்டோசிரிங்கோன் உள்ள பீ.எச். 5.6 கரைசலில் கரையுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் இருட்டில் வையுங்கள். 600 நானோமீற்றரில் ஒளியடர்த்தி ஒவ்வொரு இனத்துக்கும் 0.1 முதல் 0.2 வரை, எல்லாம் சேர்த்து 1ஐத் தாண்டாமல். தாண்டினால் இலை மஞ்சளிக்கும், பிறகு அது நோயா சேர்மமா என்று பிரிக்க முடியாது. ஒரு மரபணுவைக் கழித்துப் பார்க்கும் கட்டுப்பாட்டில் அந்த இடத்தை வெற்று வெக்டர் இனத்தால் நிரப்பி மொத்த அடர்த்தியைச் சமமாக வைத்திருங்கள். இதைச் செய்யாத ஒப்பீடு செல்லாது.

நான்கு ஐந்து கிழமைச் செடி, பூமொட்டு வராதது. மேலிருந்து மூன்றாம் நான்காம் இலை. ஊசி இல்லாத 1 மி.லீ. சிரிஞ்சை இலையின் அடிப்பக்கம் வைத்து, மேற்பக்கம் விரலால் தாங்கி மெல்ல அழுத்தினால் ஈரக்கறை கரும்பச்சையாகப் பரவும். பரவாவிட்டால் இலைவாய் மூடியிருக்கிறது. நீரூற்றி ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வைத்துவிட்டு வாருங்கள், அழுத்தத்தைக் கூட்டினால் இலைதான் கிழியும். ஐந்தாம் நாள் அறுத்து, திரவ நைதரசனில் உறைய வைத்து, உறைநிலையில் உலர்த்தி, 10 மி.கி. தூளுக்கு 80 சதவீத மெதனோல் 1 மி.லீ. ஊற்றிப் பிரித்தெடுத்து, வடித்து, திரவ நிறப்பகுப்பு-திணிவுமானிக்கு அனுப்புங்கள்.

நம் ஊரில் இது பிழைக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது வெப்பம். அக்ரோபக்டீரியம் மரபணுவைக் கலத்துக்குள் செலுத்தும் கருவியை 20 பாகை சுற்றி நன்றாகக் கட்டும், 29ஐத் தாண்டினால் கட்டாது. கொழும்பில் ஜன்னலோரத்துச் செடி பகலில் எளிதாக 30ஐத் தாண்டிவிடும். குளிரூட்டியை 22இல் வைத்துவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள்; விளக்குக்குக் கீழே இலை மட்டத்தில் வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பாருங்கள், சுவரில் உள்ள எண்ணை விடச் சில பாகை கூடவே இருக்கும். மின்வெட்டு வந்தால் அந்தத் தொகுதியை எழுதி வைத்து ஒதுக்குங்கள். இரண்டாவது ஈரப்பதன். மக்னீசியம் குளோரைட்டு காற்றிலிருந்து நீரை உறிஞ்சும். திறந்து சில மாதமான போத்தலில் உப்பு கட்டியாகி, கரண்டியில் பளபளவென்று ஒட்டும்; அதை நிறுத்தால் நீங்கள் நிறுப்பதில் எவ்வளவு உப்பு, எவ்வளவு நீர் என்று தெரியாது. புதுப் போத்தலைத் திறந்த அன்றே முழுவதையும் 1 மோலர் கரைசலாக்கிவிடுங்கள்.

நிலையான செடி வேண்டுமென்றால் சாதாரணப் புகையிலையின் இலை வட்டுகளில் தொடங்குவது எளிது. எம்.எஸ். என்ற செடி வளர்ப்பு ஊடகம், லீற்றருக்குச் சுக்குரோசு 30 கிராம், ஹோர்மோன்களாகப் பென்சைல்அடினின் 1 மி.கி., என்.ஏ.ஏ. 0.1 மி.கி., பீ.எச். 5.8. பற்றீரியாவோடு இரண்டு நாள், பிறகு கனாமைசின் 100 மி.கி., செஃபோடாக்சிம் 250 முதல் 500 மி.கி. வரை. நான்கு கிழமையளவில் தளிர் வரும்; ஹோர்மோன் இல்லாத, ஆனால் கனாமைசின் உள்ள ஊடகத்தில் வேர் விட்டவற்றை மட்டும் நம்புங்கள். ஐந்து மரபணுவுக்கும் ஒரே 35எஸ்ஸை ஐந்து முறை வைத்தால் அடுத்த தலைமுறையில் மௌனமாகிவிட வாய்ப்பு அதிகம், ப்ரோமோட்டரையும், மரபணுவின் முடிவைக் குறிக்கும் டெர்மினேட்டரையும் மாற்றி மாற்றி வையுங்கள். குறைந்தது 15 தனித்தனி வரிசைகள் தேவை. விதையில் கனாமைசினைத் தாங்குபவையும் தாங்காதவையும் 3:1 எனப் பிரியும் வரிசைகளைத் தேர்ந்தெடுங்கள்.

இலங்கை கார்ட்டஜீனா உயிரியல் பாதுகாப்பு நெறிமுறையை 2004இல் ஏற்றது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் 2006இல் வந்த ஒழுங்குவிதிகள், அனுமதியின்றி மரபணு மாற்றிய உணவை இறக்குமதி செய்வதையோ விற்பதையோ தடுக்கின்றன. மூடிய ஆய்வுகூட வேலைக்கும் உங்கள் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவின் அனுமதியை முதலில் எடுங்கள். பயன்படுத்திய செடியும் மண்ணும் அமுக்கக் கலனில் போன பிறகே குப்பைக்குப் போக வேண்டும்.

‘இயற்கையானது, ஆகவே ஆபத்தில்லை’ என்று உங்கள் முன்மொழிவில் எழுதிவிடாதீர்கள். 1967இல் அமெரிக்காவில் வந்த லெனாபே உருளைக்கிழங்கு சாதாரணக் கலப்பினத்தில் பிறந்தது. கிளைக்கோஅல்கலொயிட் என்ற நஞ்சின் அளவு கூடியதால் 1970இல் திரும்பப் பெற்றார்கள். கத்தரியும் தக்காளியும் அதே குடும்பம். உண்ணும் பகுதியில் நஞ்சு கூடும் எந்தத் திட்டத்தையும் விட, உண்ணாத செடியின் இலையை மருந்துத் தொழிற்சாலையாக்கும் திட்டமே இப்போதைக்கு எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. நம் காடுகளில் வெட்டி வெட்டிக் குறைந்துவரும் வெனிவேல், அதாவது மரமஞ்சள், இதற்குப் பொருத்தமான இலக்கு. அதன் மஞ்சள் நிறம் பெர்பெரின். ரெட்டிகுலின் என்ற முன்னோடிச் சேர்மத்திலிருந்து அதற்கு நான்கு நொதியங்கள், நான்கும் மற்றச் செடிகளிலிருந்து தெரிந்தவை. புறவூதா விளக்கின் கீழ் மஞ்சளாக ஒளிரும் என்பதால் கருவி இல்லாத நாளிலும் வந்ததா இல்லையா என்று ஓரளவு தெரியும். ரெட்டிகுலின் விலை கூடியது, அதனால் அது இரண்டாவது திட்டமாக இருக்கட்டும்.

முதல் திட்டம் ஸ்டில்பீன் சின்தேஸ். ஒரே மரபணு, மூலப்பொருள் இலையிலேயே உண்டு. முடிவைப் படிக்கும்போது ஒன்றில் கவனம்: திணிவுமானியில் ரெஸ்வெரட்ரோலின் எதிர்மின் அயனுக்கான திணிவு எண் 227ஐ மட்டும் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இலை அதற்குக் குளுக்கோசை ஒட்டியிருக்கும். 162 கூட்டி 389இல் தேடுங்கள், மலோனைல் குளுக்கோசு ஒட்டியிருந்தால் 248 கூட்டி 475இல். அங்கே உச்சம் கிடைத்தால் மாதிரியின் ஒரு பகுதியைப் பீ.எச். 5இல் குளுக்கோசைக் கழற்றும் பாதாம் நொதியமான பீட்டா-குளுக்கோசிடேஸோடு 37 பாகையில் சில மணி நேரம் வைத்து மறுபடி ஓட்டுங்கள். 389 சுருங்கி 227 எழுந்தால் அது உங்கள் சேர்மம்தான். வெற்று வெக்டர் இலையிலும் அதே உச்சம் எழுந்தால் அது புகையிலையின் சொந்தச் சரக்கு.